மஞ்சள் துணியில் முடிந்த காசு

காற்பந்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பலெர்மோவுக்கு வந்து கற்றுக்கொண்டதெல்லாம் தரை துடைக்கவும் சட்டை மடிக்கவும் போதுமான இத்தாலியன்தான். அப்படிப்பட்ட நான் ஓர் அயர்லாந்துப் பிள்ளையின் பந்து விளையாட்டுக்காக நேர்த்தி வைத்தேன்.

கிளப்காரர் அவனுக்குக் கடற்கரைப் பக்கம் ஒரு வீடு எடுத்துக் கொடுத்திருந்தார்கள். அங்கே துப்புரவு வேலை எனக்கு. இருபது வயது தாண்டியிருப்பான். என்னைச் சிஞ்ஞோரா என்பான். வேலை செய்யும் வீட்டுக்காரிகளை நான் அழைக்கிற சொல் அது. அவன் அப்படிக் கூப்பிட்டால் கூச்சத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு மற்ற அறைக்குப் போய்விடுவேன்.

என் மருமகனுக்குக் காற்பந்துப் பைத்தியம். உணவகச் சமையலறையில் வேலை.

"மாமி, உங்கடை பெடியன் இரவல் சாமான். இங்கிலாந்துக் கிளப் ஒண்டு ஒரு சீசனுக்கு இஞ்சை குடுத்திருக்கு. நல்லா விளையாடினா வைச்சிருப்பினம்."

"பிள்ளையை ஆரும் இரவல் குடுப்பினமோ?"

"காலைத்தான் மாமி குடுக்கினம். பிள்ளை கூட வருது."

ஒருநாள் இங்கே சியாகுல்லிப் பக்கம் விளையும் மண்டரின் தோடம்பழங்கள் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் அவற்றை மேசையில் உருட்டி, தன் வேலை என்னவென்று காட்டினான். உப்புச் சாடிதான் அவன். பழம் கோலுக்கு வரும், சாடி குறுக்கே போகும். "நான் கோல் அடிக்கிறதில்லை, சிஞ்ஞோரா. மறிக்கிறது." எங்கள் இருவரின் இத்தாலியனும் ஒரே அளவு உடைசல், அதனால் விளங்கியது.

பழக்காலம் முடியுமுன்னே அவன் முழங்கால் போய்விட்டது. எதிராளியை மறிக்கப்போன இடத்தில் கால் திரும்பி, உள்ளே நார் அறுந்ததாம். டிவியில் பந்து போன பக்கத்தைத்தான் காட்டினார்கள் என்றார் மருமகன்.

"வெட்டித் தைப்பினம். அதுக்குள்ளை சீசன் முடிஞ்சிடும். இங்கிலாந்துக்காரரும் இந்த வருசத்தோடை விடப்போகினமாம். நொண்டிக் காலை ஆர் மாமி எடுப்பினம்?"

ஒப்பரேஷன் முடிந்து ஊன்றுகோல்களோடு வந்தான். முழங்கால் வீங்கிக் கிடந்தது. வேர்க்கொம்புச் சுக்கும் மல்லியும் அவித்துப் போத்தலில் கொண்டுபோனேன். முகர்ந்து பார்த்தான், குடிக்கத்தான் ஆசை. ஆனால் டொக்டர் சொல்லாத எதையும் வாயில் வைத்தால் சோதனையில் பிடித்துத் தடை செய்வார்களாம். போத்தலைத் திருப்பித் தந்தான். சுகமில்லாத பிள்ளைக்கு ஒரு வாய் மல்லித்தண்ணி கொடுக்க முடியாத வேலையும் உண்டோ என்று நினைத்தேன்.

பிறகு செய்ய எனக்கு என்ன இருந்தது? ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்தேன். பெல்லெக்ரினோ மலைக் குகையிலுள்ள கத்தோலிக்கப் புனிதைக்கு நேர்த்தி. நாங்கள் சைவம்தான், என்றாலும் இந்த ஊரில் வருத்தம் துன்பம் என்றால் அவளிடம்தான் ஏறுகிறோம். காசை முடிந்து நோயாளியின் மேல் சுற்றி வைத்திருந்து, சுகமானதும் அதே காசைக் கொண்டுபோய்ப் போடவேண்டும்.

அவன் சோபாவில் உறங்கிக்கொண்டிருந்தான். முழங்காலுக்கு மேலாக முடிச்சை மூன்று தரம் சுற்றினேன். கண் விழித்தான். என் கையைப் பார்த்தான், முடிச்சைப் பார்த்தான். முகம் மலர்ந்து, இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டான். "எனக்கா? நன்றி, சிஞ்ஞோரா."

இல்லை என்று எப்படிச் சொல்வது?

கட்டிலருகே சின்ன மேசையில் வைத்தான். மருமகன் சிரித்தார்.

"உங்கடை காசுதானே மாமி, எடுத்துக்கொண்டு வாங்கோவன்."

"அந்த வீட்டு மேசையிலை கிடக்கிறதை நான் எடுக்கிறதோ!"

"அப்ப கேளுங்கோ."

"நேர்த்தி எண்டதுக்கு இத்தாலியனிலை என்ன?"

"எனக்கும் தெரியாது. கிச்சினிலை அது தேவைப்படேல்லை."

துப்புரவு வேலைக்கு வந்த நாள் முதல் எனக்கு ஒரே சட்டம்தான். கட்டிலுக்குக் கீழே சதம் கிடந்தாலும் பொறுக்கி மேசைமேல் வைக்கவேண்டும். மேசைமேல் இருப்பது வீட்டுக்காரருடையது. ஆகவே ஒவ்வொரு முறையும் என் முடிச்சைத் தூக்கி, தூசி துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். அவன் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கத் தொடங்கினான். ஓடவில்லை.

சீசன் முடிந்தது. அவன் அயர்லாந்துக்குத் திரும்பும் நாள். கிளப்பிலிருந்து வந்த கார் கீழே நின்று ஹோர்ன் அடித்தது. மேசை வெறுமையாக இருந்தது. அவன் சட்டைப்பையைத் தட்டி, மஞ்சள் நுனியை வெளியே இழுத்துக் காட்டினான். "என்னோடு வருது, சிஞ்ஞோரா."

அது இங்கே நிற்கவேண்டியது மகனே என்று தமிழில் வாய்வரை வந்தது. "சி, சி" என்றேன். கதவுப் பிடியைத் துணியால் துடைத்துக்கொண்டு நின்றேன். படியில் ஒரு காலை மெதுவாக வைத்து இறங்கினான்.

இப்போது மகளிடம் போனில் அவன் பெயரைப் போட்டுப் பார்க்கச் சொல்வேன்.

"கிளப் இல்லை எண்டுதான் கிடக்குது, அம்மா. போன கிழமையும் இதைத்தானே கேட்டனீங்கள்?"

"ஓடுறானாமோ?"

"அது போடேல்லை."

மலைக்கு எங்கள் சனம் ஏறும்போது நானும் போகிறேன். குகைச் சுவர்களில் தண்ணீர் கசியும். சுகமான கால்களுக்காக யார் யாரோ தொங்கவிட்ட வெள்ளிக் கால்கள் இருக்கின்றன. மற்றவர்கள் தங்கள் முடிச்சுகளை அவிழ்த்துப் போடுகிறார்கள். என் கை வெறுங்கை. காசு அயர்லாந்தில் இருக்குதம்மா, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ என்று சொல்லிவிட்டு, பின்னால் நிற்பவர்களுக்கு வழி விடுகிறேன்.