அடுக்களையில் கொடுத்த ராணி

என் வீட்டுக்காரர் திருச்சி ஆட்டக்காரரைச் சதுரங்கத்தில் ஜெயித்ததை அரியலூரில் பல வருஷம் பேசினார்கள். பேசட்டும். அந்த ஆட்டம் என் அடுக்களையில் பிறந்தது என்று மட்டும் ஒருவரும் பேசவில்லை.

பலகை முன்கட்டில் இருக்கும். வெளி ஆண்கள் இருந்தால் எங்கள் வீட்டுப் பெண்கள் அங்கே போகக்கூடாது. அதனால் நானும் என் வீட்டுக்காரரும் அடுக்களைத் தரையில் கட்டம் போட்டு ஆடுவோம். ஆண்டிமடத்திலிருந்து அம்மா அனுப்பும் முந்திரி என் படை, புளியங்கொட்டை அவர் படை. யானைக்கும் குதிரைக்கும் ஊசியால் அடையாளம் கீறிக்கொள்வோம். ராணிக்கு மட்டும் வெல்லக்கட்டி.

ஒருநாள் என் ராணியை வேண்டுமென்றே கொடுத்தேன். பதிலுக்குக் கிடைத்தது ஒரு யானையும் ஒரு சிப்பாயும்தான். அவர் சிரித்துக்கொண்டே வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டார். வாய் இனிப்பு தீர்வதற்குள் முகம் சுருங்கிவிட்டது. என் குதிரை நடுக்கட்டத்தில் உட்கார்ந்துகொண்டது, விரட்ட அவரிடம் ஆளில்லை. அவருடைய ராணி தன் சிப்பாய்களுக்குப் பின்னாலேயே அடைபட்டுக் கிடந்தது.

"எப்படி இது தோணிச்சு உனக்கு?"

"மூணு நாளா சோறு வடிக்கிறப்பல்லாம் இதே நெனப்புதாங்க."

அந்தத் திருச்சிக்காரர் உறவுக்காரர் கல்யாணத்துக்கு வருவதாகவும், எங்கள் வீட்டில் ஒரு ஆட்டம் ஆடுவதாகவும் பேச்சு வந்தது. இதே ஆட்டத்தைப் பத்துத் தடவை ஆடிக் காட்டச் சொன்னார் என் வீட்டுக்காரர். "நான் ஜெயிச்சுட்டா உன்னைய முன்னாடி கூப்பிட்டு உட்கார வைக்கிறேன். நீயும் அவரோட ஒரு ஆட்டம் ஆடு" என்றார். நம்பினேன். ஆட்டத்தன்று காலையிலேயே கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு அடுப்புப் புகையில் நின்றேன்.

கதவிடுக்கில் எல்லாம் பார்த்தேன். என் வீட்டுக்காரர் ராணியைக் கொடுத்தார், கூட்டம் 'ஐயோ' என்றது. ஒரு மணி நேரத்தில் திருச்சிப் பெரியவர் தோல்வியை ஒப்புக்கொண்டு தன் ராஜாவைப் படுக்க வைத்துவிட்டார்.

"யாரோட ஆடிப் பழகினீங்க தம்பி? அவரோட நான் ஒரு ஆட்டம் ஆடணுமே" என்று கேட்டார்.

நான் முந்தானையைச் சரி செய்துகொண்டேன்.

"அப்படி யாருமில்லீங்க ஐயா. நானா யோசிச்சதுதான்."

"வீட்டுல ஆடுறவங்க உண்டா?"

"வூட்டுலயா? அவளுக்குக் குதிரை எப்படிப் போவும்னே தெரியாதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டார். அழுகை வரவில்லை. அவர்களுக்குக் காபி கலக்க வேண்டியிருந்தது, கலந்து கொடுத்தனுப்பினேன்.

பெரியவரை ரயிலேற்றிவிட்டு வந்தவர், ஒன்றும் நடக்காதது போல் தானே தரையில் கட்டம் போட்டார். முந்திரியை அடுக்கி, வெல்லத்தையும் எடுத்து வைத்தார்.

"வா, ஒரு ஆட்டம்."

"எனக்குத்தான் குதிரை எப்படிப் போவும்னே தெரியாதே" என்றேன். ஈரத்துணியால் கட்டத்தைத் துடைத்துவிட்டு உலை வைக்கப் போனேன்.

அதற்குப் பிறகு நான் அவரோடு ஆடவில்லை. அவரும் பெரிய ஆட்டக்காரர் யாரையும் ஜெயிக்கவில்லை. அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.