மஞ்சள் சட்டையில் ஒரு பட்டம்

விரி என்ற தொழிற்பேட்டைப் பகுதியில் ஒரு வேர்ஹவுஸில் பெட்டி அடுக்குவது என் வேலை. ஃபோர்க்லிஃப்ட் பழுதாகி நின்ற ஒரு நாளில் டின் மீன் பெட்டிகள் அத்தனையையும் கையாலேயே ஏற்றி முடித்தேன். மறுநாள் என் மஞ்சள் மேற்சட்டையின் முதுகில் யாரோ கறுப்பு மார்க்கரால் 'பேடாஸ்' என்று எழுதியிருந்தார்கள்.

மாலையில் மவுண்ட் ஆல்பர்ட் வீட்டுக்கு வந்ததும் மகளிடம் காட்டினேன். இங்கே பிறந்தவள், தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். அமெரிக்கக் கொச்சையாம். பார்த்தால் கெட்ட வார்த்தை, ஆனால் எதற்கும் அசையாத ஆளைப் புகழத்தான் சொல்வார்களாம்.

"இட்ஸ் எ காம்ப்ளிமென்ட், அம்மா."

ஊரில் இப்படிப்பட்ட பெண்ணை நெஞ்சழுத்தக்காரி என்பார்கள், அடங்காதவள் என்பார்கள். இரண்டையும் நான் வேண்டிய மட்டும் வாங்கிக் கட்டியிருக்கிறேன். அதே குணத்துக்கு ஐம்பத்திரண்டு வயதில் பாராட்டுக் கிடைத்தால் விடுவேனா? எழுத்து அழிந்துவிடாமல் அந்தச் சட்டையைக் கையால் துவைத்தேன்.

பட்டம் வந்தபின் கனமான பெட்டியெல்லாம் என் பக்கமே வந்தது. நானும் மறுக்கவில்லை. சில மாதங்களில் தலைமுடி பின்னக்கூட வலது கையைத் தூக்க முடியாதபடி தோள் நொந்தது. முதுகில் அப்படி எழுதி வைத்துக்கொண்டு நோகிறது என்று எப்படிச் சொல்வது? காலையில் தோளில் தைலம் பூசிக்கொண்டு போனேன். கூட வேலை செய்தவர்கள் அதை என் சென்ட் என்று நினைத்தார்கள். எங்கே வாங்கியது என்றுகூட ஒருத்தி கேட்டாள்.

பேக்கிங்குக்குப் புதிதாக வந்த சென்னைப் பெண்ணிடம் மட்டும் இது பலிக்கவில்லை. வேலை விசாவில் வந்தவள், வேலை போனால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்த்தாலே தலை குனிந்துகொள்வாள்.

"எங்க வலிக்குதுக்கா?" என்று கேட்டாள்.

"ஒண்டுமில்லை. சும்மா சளி."

"சளிக்கு யாராச்சும் தோள்ல பூசுவாங்களா?"

"உம்மடை வேலையைப் பாரும்" என்று வெட்டிவிட்டேன்.

அடுத்த வாரம் எண்ணெய்ப் பெட்டி ஒன்றை மேல்தட்டிலிருந்து இறக்கும்போது கை விட்டுப்போனது. என் காலுக்கு ஒரு சாண் தள்ளித்தான் பெட்டி விழுந்தது. கை வழுக்கிவிட்டது என்று சமாளித்தேன். அவளோ மேசையை விட்டு எழுந்து நேரே சூப்பர்வைசர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அன்றே என்னைப் பெட்டி தூக்க விடாமல் நிறுத்தி டாக்டரிடம் அனுப்பினார்கள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. கோள்மூட்டி என்று மகளிடம் திட்டித் தீர்த்தேன். அந்தப் பெண்ணோடு பத்து நாள் பேசவில்லை.

பிறகு ஸ்கேன் வந்தது. தசைநார் பாதி கிழிந்திருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் தூக்கியிருந்தால் கை பழையபடி வந்திருக்காது என்றார் டாக்டர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பெட்டிகளைத்தான் தூக்கினேன். அவள் தன் விசாவையே பணயம் வைத்து அந்த அறைக்குள் போயிருக்கிறாள்.

ஆபரேஷன் முடிந்து இப்போது லேபல் பார்க்கும் மேசையில் இருக்கிறேன். முடியை நானே பின்னிக்கொள்கிறேன், பின்னும்போதெல்லாம் அவளை நன்றியோடு நினைக்கிறேன். போன வாரம் அந்தச் சட்டையை மடித்து அவளிடம் கொண்டுபோனேன்.

"இது உமக்குத்தான் பொருத்தம். அந்த அறைக்குள்ள போக எனக்குத் துணிவு வரேல்லை."

அவள் வாசித்துச் சிரித்தாள். திரும்ப என் கையிலேயே வைத்தாள்.

"வேணாம்க்கா. இதைப் போட்டுக்கிட்டா, எனக்கு வலிச்சா யார்கிட்ட சொல்றது?"

"என்னட்டைச் சொல்லும்."

அவள் சிரிப்பு நின்றது.

"இடுப்புக்கா. ரெண்டு வாரமா."

இருவரும் சேர்ந்தே சூப்பர்வைசர் அறைக்குப் போனோம். வலது கையைத் தூக்கிக் கதவை நான் தட்டினேன்.