பங்காருபேட்டையில் பிடித்துக்கொள்ளலாம்

என் கணவருக்கு, மாரிகுப்பத்தில் ரயில் கிளம்பும் ஹார்ன் சத்தம் காதில் விழுந்தால்தான் சட்டைக்கு இஸ்திரி போடவேண்டும் என்ற நினைவே வரும். மாரிகுப்பத்துக்கு அடுத்த ஸ்டேஷன் எங்கள் சாம்பியன் ரீப்ஸ். ஹார்ன் கேட்டபிறகு வீட்டிலிருந்து தலைதெறிக்க ஓடினாலும் வண்டியைப் பிடிக்க முடியாது. அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றுவார்.

"இன்னாங்க, வண்டி வந்துடுச்சிங்க" என்று வாசலில் நின்று கத்துவேன்.

"வந்தா வரட்டும்மே. பங்காருபேட்டையில புடிச்சிக்கலாம்" என்பார், காலரைத் திருப்பிப் போட்டபடி.

எங்கள் ஊரில் பாதிப் பேர் இந்த ஒரு பேச்சை நம்பித்தான் காலையில் எழுந்திருக்கிறார்கள். தங்கச் சுரங்கங்களை மூடிய பிறகு எங்களுக்குச் சோறு போடுவது பெங்களூர். விடிந்தும் விடியாமலும் கிளம்புகிற ரயிலில் ஊரே ஏறிப் போகும். அந்த ரயில் பங்காருபேட்டை வரைக்கும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நிதானமாகத்தான் போகும். பங்காருபேட்டை ஜங்ஷனில் மற்ற வண்டிகளுக்கு வழிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்கும். ஆகவே இங்கே தவறவிட்டவன் பைக்கை எடுத்துக்கொண்டு ரோட்டில் விரட்டினால், அதே வண்டியை அங்கே பிடித்துவிடலாம். இதற்கு 'செகண்ட் கேஜ்' என்று பெயரே வைத்திருக்கிறோம். கேஜ் என்பது சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கிய இரும்புக் கூண்டு. முதல் கேஜைத் தவறவிட்டவன் இரண்டாவதில் இறங்குவான். பங்காருபேட்டையில் மூச்சிரைக்க ஏறுகிறவனைப் பார்த்து, "இன்னாப்பா, இன்னிக்கி செகண்ட் கேஜா?" என்று பெட்டியே சிரிக்கும். அவனுக்கென்று துண்டு போட்டு வைத்த இடத்தையும் விட்டுக்கொடுக்கும். இப்படிப் பாராட்டினால் எவன் திருந்துவான்?

கல்யாணமானதிலிருந்து அவருக்குப் பின்னால் உட்கார்ந்து நானும் இந்த ரயிலை எத்தனையோ முறை துரத்தியிருக்கிறேன். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் அவருடைய பெல்ட். லாரிக்கும் டிராக்டருக்கும் நடுவில் சந்து கிடைத்தால் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். நான் கண்ணை மூடிக்கொள்வேன். பிறகு ரயிலேறி, பெங்களூரில் இறங்கி, ஆபீசுக்குப் போய், சாலை விபத்துகள் எந்தெந்த இடத்தில் நடக்கின்றன என்று கம்ப்யூட்டரில் வரைபடம் போட்டுச் சம்பளம் வாங்குவேன். யாரிடம் போய்ச் சொல்வது இந்தக் கூத்தை?

எங்கள் ஜில்லாவின் ரோடுகளை ஆராயும் வேலை ஆபீசுக்கு வந்தபோது நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஊர்க்காரி, எனக்குத்தான் இடம் தெரியும் என்ற திமிர். முதல் வாரத்திலேயே அந்தத் திமிர் இறங்கிவிட்டது. விபத்து நடந்த இடம் என்று போலீஸ் பதிவில் இருப்பதைக் கம்ப்யூட்டர் படித்து, வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்கவேண்டும். பதிவில் 'நந்திதுர்க் அருகே' என்று இருக்கும். அது எங்கள் பழைய சுரங்கம் இருந்த இடம், ஊருக்குள்ளேயே இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு அது தெரியுமா? எங்கள் ஆட்களை அள்ளிக்கொண்டு போய் இன்னொரு ஜில்லாவில் இருக்கும் நந்தி மலைமேல் வைத்தது. டிவிஎஸ் ஐம்பதில் கோழித் தீவனம் ஏற்றிக்கொண்டு போய் விழுந்தவர், சுற்றுலாப் பயணிகள் சூரிய உதயம் பார்க்கும் இடத்தில் புள்ளியாக நின்றார். ஒவ்வொருவராக மலையிலிருந்து இறக்கி ஊருக்குக் கூட்டிவந்தேன். பல பதிவுகளில் இடத்துக்கு நேராக வெறும் 'பங்காருபேட்டை ரோடு' என்று மட்டுமே இருந்தது. அந்த ரோடு என்ன முழ நீளமா?

தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சரிபார்த்து முடித்தேன். விபத்துகள் நெருக்கமாக விழும் இடத்தில் கம்ப்யூட்டர் சிவப்புப் பூசும். எங்கள் ரோட்டில் ஒரு வளைவில் நல்ல சிவப்பு. ரயில் பாதை அந்த இடத்தில் ரோட்டை ஒட்டியே போகிறது. சிவப்புக்கு ரோடு எது, தண்டவாளம் எது என்று தெரியாது, அது பாட்டுக்குப் பரவி தண்டவாளத்தின் மேலும் உட்கார்ந்துகொண்டது. அதைப் பார்த்த அதிகாரி ஒருவர், "இதெல்லாம் ரயில்வே கேஸ் போலிருக்கிறதே" என்று ஃபைலை மூடப்போனார். எனக்கு வந்த கோபத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மறுபடி உட்கார்ந்து, பரப்பளவாகக் கணக்கிடாமல் ரோட்டின் நீளத்தில் மட்டும் போகும்படி கணக்கை மாற்றினேன். சிவப்பு தண்டவாளத்தை விட்டு இறங்கி ரோட்டிலேயே நின்றது.

அடுத்து, நேரத்தையும் சேர்த்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்த வளைவில் ஒன்றுமே இல்லை. மத்தியானம் இல்லை. சாயந்திரம் அங்கொன்றும் இங்கொன்றும். வேலை நாட்களில், காலையில், ரயில் எங்கள் ஸ்டேஷனை விட்ட பிறகு பங்காருபேட்டையை விட்டுக் கிளம்பும் வரைக்கும் உள்ள அந்தக் கொஞ்ச நேரத்தில் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலிப் பெண் ஏதோ கேட்டதுகூடக் காதில் விழவில்லை. எனக்கு அந்தப் புள்ளிகள் எல்லாம் இஸ்திரி போட்ட சட்டையோடு தெரிந்தன.

அன்று ராத்திரி சாப்பிடும்போது லேப்டாப்பைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். "பாருங்க. இது நீங்க தினம் போற வளைவு."

ரசத்தை உறிஞ்சிக்கொண்டே பார்த்தார். "செவப்பு எது வரைக்கும் இருக்குது?"

"இந்தப் பாலம் வரைக்கும்."

"அதுக்கு அப்பால ஒண்ணுமில்ல இல்ல? அப்போ அங்கருந்து கொஞ்சம் வேகமா போலாம்" என்றார்.

லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்துபோய்விட்டேன். ரசம் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

ஜில்லா கூட்டத்திலும் எனக்கு இதே மரியாதைதான் கிடைத்தது. ரோடு இலாகா இன்ஜினியர் நல்ல மனிதர், கன்னடத்தில் பொறுமையாகப் பேசுவார். வளைவு கூர்மையாக இருக்கிறது, வேகத்தடை போட்டு எச்சரிக்கைப் பலகை வைக்கிறோம் என்றார். நான் சொன்னேன், வளைவு எல்லா நேரமும் கூர்மையாகத்தான் இருக்கிறது, ஜனங்கள் விழுவது ரயிலைத் துரத்தும்போது மட்டும்தான் என்று. ரயில் பங்காருபேட்டையில் காத்திருக்கும் நேரத்தை எங்கள் பக்கத்து ஸ்டேஷன்களில் பங்குபோட்டு நிறுத்தினால், இங்கே தவறவிடுகிறவர்களும் குறைவார்கள், அங்கே பிடிக்கலாம் என்ற ஆசையும் போய்விடும் என்றேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். "ரயில் நிற்பது ஒரு குற்றமா மேடம்?" என்று ஒருவர் கேட்டார். "அது வேறு இலாகா" என்றார் இன்னொருவர். டீ வந்தது. அத்தோடு என் யோசனை முடிந்தது.

வேகத்தடை வந்தது. தாரை ரோட்டின் இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் இடம்விட்டுப் போட்டிருந்தார்கள், மழைத்தண்ணீர் போகவாம். ஒரு பைக் போகும் அளவுக்கு இடம். மறுநாளே செகண்ட் கேஜ் ஆட்கள் அந்த ஓரத்து ஜல்லிமண்ணில் பாதை கண்டுபிடித்துவிட்டார்கள். வேகத்தடையில் ஏறி இறங்கினது மாடுகளும் ஷேர் ஆட்டோக்களும்தான்.

அதற்குப் பிறகு ஒரு முடிவெடுத்தேன். இனி அவர் பைக்கில் ஏறுவதில்லை. வண்டி வருவதற்கு முன்பே ஸ்டேஷனுக்குப் போய்விடுவேன். தனியாக நாலு நாள் போனால் அவருக்கும் புத்தி வரும் என்று நினைத்தேன். நான் பக்கத்தில் இல்லாததால் இன்னும் நிம்மதியாக இஸ்திரி போட்டார்.

ஒருநாள் எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. ரோடு பக்கத்தில் வரும் இடத்தில் எட்டிப்பார்த்தேன். நாலைந்து பைக்குகள். நடுவில் அவர். நீலச் சட்டை காற்றில் உப்பியிருந்தது. என் ஜன்னலைக் கண்டுபிடித்துக் கையைக்கூட ஆட்டினார். "ரோட்ட பாருங்க!" என்று கத்தினேன். அவருக்குக் கேட்டிருக்காது. பெட்டியில் சிரித்தார்கள். ஒரு புளியமரக் கூட்டம் குறுக்கே வந்தது, ரோடு மறைந்தது.

பங்காருபேட்டையில் வண்டி நின்றது. மற்றவர்கள் படியிறங்கி ஓடிவந்து ஏறினார்கள். அவர் வரவில்லை. பக்கத்துப் பெட்டியில் ஏறியிருப்பார் என்றார்கள். போன் அடித்தேன், எடுக்கவில்லை. வண்டி காத்திருக்கிற அந்த நேரத்தை நான் எத்தனை தடவை திட்டியிருப்பேன்? அன்று, இன்னும் கொஞ்சம் நில்லேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். எப்போதும் அவரோடு சேர்ந்து வருகிற ஒருவர் கடைசியாக ஏறினார். அவர் என் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்ததும், பையை விட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

உயிருக்கு ஒன்றுமில்லை. வேகத்தடையின் ஓரத்து ஜல்லியில் சறுக்கி, கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் நான் போய்ச் சேருவதற்குள், வீட்டுப் படியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லி எழுத வைத்திருந்தார். சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக்குப் படியே கிடையாது.

"ஏங்க இப்டி சொன்னீங்க?"

"தானா வுழுந்ததுக்கு யார் மேலமே கேஸ் போடறது? போலீசு வந்தா வண்டியத் தூக்கிகினு போவான்" என்றார். வலியிலும் அதை யோசித்திருக்கிறார்.

இன்ஜினியர் போன் செய்தது அதற்குச் சில வாரங்கள் கழித்து. குரலில் உற்சாகம். "மேடம், உங்கள் வளைவில் வேகத்தடை போட்டதிலிருந்து ஒரு கேஸ்கூடப் பதிவாகவில்லை. அறிக்கையில் அதை வெற்றி என்று போட்டுவிடுங்கள்."

"சார், அந்த வளைவில் விழுந்த ஒருத்தர் என் வீட்டுக் கட்டிலில் மாவுக்கட்டோடு படுத்திருக்கிறார். ரெண்டு இட்லி போதுமா, இன்னும் வேணுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றேன்.

"அது பதிவில் இல்லையே மேடம்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. என் வீட்டு ஆளே அல்லவா பதிவில் வராமல் பார்த்துக்கொண்டார்?

அறிக்கை அனுப்பவேண்டிய நாள் வந்தது. அந்த வளைவு இன்னும் ஆபத்தானது, பதிவாகாத விபத்துகளை ஆஸ்பத்திரியில் விசாரிக்க வேண்டும் என்று நானே நேரில் நின்று சேர்க்காவிட்டால், அதைப் பச்சையாக்கி அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கென்று பார்த்து அவரைத் துடைத்து, சட்டை மாற்றி, கஞ்சி கொடுத்து முடிப்பதற்குள் ஸ்டேஷனில் வண்டி வந்து போய்விட்டது. எதிர் வரிசை வீட்டுக்காரர் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார். "யக்கா, வரீங்களா? புடிச்சிடலாம்" என்று குரல் கொடுத்தார். அடுத்த வண்டியில் போனால் அதற்குள் அறிக்கை போய்விட்டிருக்கும், எனக்கும் வேறு வழி தோன்றவில்லை. ஆணியில் தொங்கிய ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

"எங்கமே போற?" கட்டிலிலிருந்து சத்தம்.

"அவர் வண்டியில."

"வாணாம். ஏறாத. அவன் கண்ணுமண்ணு தெரியாம ஓட்டுவான்." எழுந்து உட்காரப் பார்த்தார், கால் விடவில்லை. "சொல்றேன்ல, போவாத. அடுத்த வண்டிக்குப் போ. வேல போனா போவட்டும்."

இத்தனை வருஷத்தில் அவர் குரலில் அப்படியொரு பயத்தை நான் கேட்டதில்லை. எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். பற்றிக்கொண்டுதான் வந்தது. "இத்தினி வருசமா நான் பின்னால ஒக்காந்துகினு வந்தேனே, அப்போ இந்தப் பயம் எங்க போச்சி?"

அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"அப்போ நான்ல ஓட்டுனேன்" என்றார்.

எதிர்வீட்டுக்காரரிடம், நீங்கள் போங்கள் என்று கையைக் காட்டினேன். அவர் போய்விட்டார். ஹெல்மெட்டோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்த அத்தனை பேரும், அந்த வளைவில் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்த அத்தனை பேரும், வீட்டில் 'நான்ல ஓட்டுறேன்' என்றுதான் சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். இதற்கு எந்த வேகத்தடையை எங்கே போடுவது? அழுகை வந்தது, அழுதேன். அவர் என் முதுகைத் தடவினார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"வண்டிச் சாவியக் குடுங்க" என்றேன்.

"கால் இப்டிக் கெடக்குது, சாவிய வச்சிகினு நான் இன்னாமே பண்ணப் போறேன்?"

"குடுங்க."

தலையணைக்கு அடியில் கையை விட்டு எடுத்து நீட்டினார். விழுந்த நாள் முதல் அது அங்கேதான் இருந்திருக்கிறது.