அன்னக்கூடையில் மிஞ்சிய மருந்துத் தண்ணீர்

சொரியாசிஸுக்கு எனக்குக் கொடுத்த வைத்தியம், சொல்லக் கேட்டால் சாதாரணமாகத்தான் இருக்கும். அன்னக்கூடை என்கிற அகலப் பாத்திரத்தில், மருந்து கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கைகால்களை ஊறவைக்க வேண்டும். உடனே மொட்டைமாடிக்குப் போய்ச் சில நிமிடங்கள் வெயிலில் நிற்க வேண்டும். மருந்து தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். வெயிலின் புறஊதாக் கதிர் படையை ஆற்றும். நேரம் கூடினால் தோல் வெந்துவிடும்.

ஆய்வகக் கருவிகளைச் சோதிப்பது என் வேலை. அந்தப் பழக்கத்தில் குளியலறைக் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தேன்: மருந்தின் அளவு, போனில் அலாரம், கறுப்புக் கண்ணாடி, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுதல், முழுக்கைச் சட்டை. முதலியார்பேட்டையில் எங்கள் மாடியைச் சுற்றி வீடுகள் என்பதால், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிற்பதும் அதில் உண்டு.

ஒரு சனிக்கிழமை, என் தோல் ஆற வேண்டிக்கொண்டு, அம்மா வில்லியனூர் மாதா கோயிலுக்கு வெறுங்காலோடு, வெயிலில் இரண்டு மணி நேரம் நடந்து போய் வந்தாள். திங்கட்கிழமை காலை அவளால் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. புறங்கால் இரண்டும் செக்கச்செவேலென்று வீங்கிக் கொப்புளித்திருந்தன. அம்மாவுக்குச் சர்க்கரை வேறு.

"தார் ரோட்டு சூடு. ரெண்டு நாள்ல போயிடும்டீ."

தார் என்றால் உள்ளங்கால் அல்லவா வெந்திருக்க வேண்டும்? அது நன்றாக இருந்தது. சேலையைத் தூக்கிப் பார்த்தேன். கணுக்காலுக்குக் கீழே, இரண்டு காலிலும் ஒரே உயரத்தில், சிவப்பு கோடு கிழித்தாற்போல் நின்றிருந்தது. தண்ணீர் மட்டம்.

"என் தண்ணியில கால வச்சியா?"

"சனிக்கெழம நீ பாட்டுக்கு எழுந்து மாடிக்குப் போயிட்ட. அன்னக்கூடை நெறைய மருந்து! குதிங்கால் வெடிப்புக்கு ஆவுமேன்னு கொஞ்ச நேரம் வச்சிட்டுக் கெளம்புனேன். ஏன், வெஷமா?"

"எவ்வளவு நேரம் வெயிலில் இருந்தார்கள்?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்.

"வில்லியனூர் வரைக்கும்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சர்க்கரை உள்ள கால்; சீழ் பிடித்தால் விரல் தப்புவதே கஷ்டம் என்றார். அன்றே வார்டில் சேர்த்தோம்.

சீழ் பிடிக்கவில்லை. புண் காயத் தொடங்கிய அன்று அம்மா கேட்டாள்:

"தண்ணியில ஊறுனியா?"

"இல்ல. வுட்டுட்டேன்."

"வுட்டுட்டியா? அப்ப நான் எதுக்குடீ நடந்தேன்?"

மறுநாள் மருந்தை அளந்து கலந்தேன். நிறமில்லை, வாசனையில்லை, குழாய்த் தண்ணீர் மாதிரியே இருந்தது. அதில் கால் வைக்க எனக்கு நெடுநேரம் ஆனது.