மாப்பிள்ளையின் அப்பாவை ஒட்டியிருந்தார்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் மிக்ஸிங் செய்துகொண்டிருந்தேன். தனித்தனிப் போட்டோக்களை ஸ்கேன் செய்து, ஆட்களை ஓரம் வெட்டி, ஒரே படத்தில் சேர்த்து நிறுத்துகிற வேலை. எங்களிடம் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் செத்தவர்களைச் சேர்க்கச் சொல்லித்தான் வந்தார்கள். பேரன் பிறப்பதற்குள் தாத்தா போயிருப்பார். பேரனை அவர் மடியில் உட்காரவைக்க வேண்டும்.

அந்த வேலை என் கண்ணைக் கெடுத்துவிட்டது. கல்யாண வீட்டில் ஆல்பத்தை நீட்டினால்கூட யாரை எங்கே ஒட்டியிருக்கிறான் என்றுதான் தேடுவேன். எவனையும் நம்புவதில்லை.

தங்கைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. தரகர் கொடுத்த படத்தில் மாப்பிள்ளை நடுவில், அம்மாவும் அப்பாவும் இரண்டு பக்கம். தங்கைக்குப் பிடித்துப்போயிற்று. இத்தனை வரன்களில் அவள் வாயைத் திறந்து சரி என்றது இதற்குத்தான். நான் படத்தை ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய் லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.

அப்பாவை ஒட்டியிருந்தார்கள். மற்ற இருவருக்கும் மூக்கின் நிழல் இடப்பக்கம் விழ, அவருக்கு மட்டும் வலப்பக்கம். முடியும் மீசையும் கருகருவென்று, மகனுக்கு அண்ணன் மாதிரி இருந்தார். உயிரோடு இருக்கிறவர் எதற்குப் பழைய படத்தைக் கொடுக்கப்போகிறார்? ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார், அதை மறைக்கிறார்கள், அந்த அம்மா பொட்டும் பூவுமாக நின்று நடிக்கிறார் என்று முடிவுகட்டினேன். இதையே மறைப்பவர்கள் இன்னும் எதையெல்லாம் மறைப்பார்கள்?

வீட்டில் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். விசாரித்துப் போன தெருவில், மொட்டைத்தலையோடு ஒருவர் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த நீலக் கதவு வீட்டுப் பெரியவர் எப்ப தவறினாவ?" என்று கேட்டேன்.

அவர் குடத்தைக் கீழே வைத்தார். "அது நான்தான். நீங்க யாரு தம்பி?"

பெண்ணுடைய அண்ணன் என்று உளறினேன். போட்டோ விஷயத்தையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "எடுத்த அன்னைக்கு மில்லுல லீவு கெடைக்கல. கையில இருந்த பழசை ஒட்டச் சொன்னோம். போன வாரம் திருப்பதில முடி குடுத்தேன். செத்த நேரம் உள்ள வந்து உக்காருங்க."

நான் உள்ளே போகவில்லை. அந்த அம்மா வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். "எம் பொட்டை அழிக்கவா தம்பி பஸ் ஏறி வந்திய?" என்றார். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது அவருக்கு. நான் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன்.

மறுநாள் தரகர் வந்து படத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். வீட்டில் எல்லாரும் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். தங்கை மட்டும் எனக்குச் சோறு போட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கேன். லென்ஸ் எல்லாம் வச்சுப் பாத்தியே. மாப்பிள்ளை மூஞ்சி எப்படி இருந்துச்சு, சொல்லு."

யோசித்தேன். அப்பாவின் முழங்கை ஓரம் வந்தது, காலர் வந்தது, மூக்கு நிழல் வந்தது. மாப்பிள்ளையின் முகம் வரவே இல்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள்.