சின்னமனூர்த் தூணில் வெள்ளைக் கோடுகள்

புதன், காலை 6.40. மதுரை ஆரப்பாளையத்திலிருந்து தேனிக்குச் சுமார் எழுபத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் எழுபது ரூபாய். எங்கள் புகைப்படக் குழு நடத்தும் கண்காட்சிக்கு ஆளுக்குப் பத்துப் படம் கொடுக்க வேண்டும். ‘யாரும் திரும்பிப் பார்க்காத பொருள்கள்’ என்பது தலைப்பு. மதுரைத் தெருக்களில் அலைந்து ஒன்பது சேர்த்துவிட்டேன். பத்தாவதை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் என் பெயர் பட்டியலில் இருக்காது. ஐம்பத்தாறு வயதில் எனக்கு இது முதல் கண்காட்சி. கிடைக்காமல் போனால் வருத்தப்படத்தான் செய்வேன்.

8.50க்குத் தேனி. பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். நீலத்தின் மேல் ஒட்டுப்போட்ட மஞ்சள், அதன் மேல் ஒட்டுப்போட்ட கறுப்பு. குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரரால் பொறுக்க முடியவில்லை.

“மேடம், மலை அங்கன இருக்கு. நீங்க இங்கன தார்ப்பாயப் போட்டோ எடுக்கிறீக?”

“இது நல்லா இருக்குண்ணே.”

“அப்ப என் சீட்டையும் எடுங்க. மூணு எடத்துல கிழிஞ்சிருக்கு.”

எடுத்தேன். இரண்டுமே சுமாராகத்தான் வந்தன.

அங்கிருந்து சின்னமனூர் இருபத்து நான்கு கிலோமீட்டர். மதியம் மார்க்கையன்கோட்டை வரை போய் வெற்றிலைக் கொடிக்கால்களைச் சுற்றினேன். பச்சை கண்ணைப் பறித்தது. அதைப் படமெடுக்க ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

மாலை 4.20. சின்னமனூர் பேருந்து நிலையத்துக்குத் திரும்பி, தேநீர் குடிக்க ஒதுங்கிய இடத்தில் அந்தத் தூணைப் பார்த்தேன். வெற்றிலை பாக்குப் பெட்டிக்கடை ஒன்றை ஒட்டி நிற்கும் சிமெண்டுத் தூண். ஒரு காலத்தில் பச்சை அடித்திருக்கிறார்கள். வெற்றிலை வாங்குகிறவர்கள் ஆள்காட்டி விரலால் சுண்ணாம்பைத் தடவிவிட்டு, மிச்சத்தை அந்தத் தூணில் இழுத்துவிட்டுப் போகிறார்கள். இடுப்பு உயரம் தொடங்கி ஆளுயரம் வரை கோடுகள். பழையவை பழுப்பு, புதியவை வெள்ளை. அவசரமாக பஸ் ஏறப் போனவரின் கோடு நீளம், நின்று கதை பேசியவருடையது குட்டை. ஒருவரும் படம் வரைவதாக நினைத்து வரையவில்லை. பையிலிருந்து கேமராவை எடுத்தேன்.

கடைக்காரர் செல்லையாவுக்கு அறுபது வயது இருக்கும். இருபத்தேழு வருடமாக அதே கடை. நான் எட்டுப் படம் எடுக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தவர், பிறகு கேட்டார்.

“மேடம் ஆபீஸ்ல இருந்து வந்திருக்கீகளா?”

“இல்லண்ணே. மதுரையில ஒரு கண்காட்சி. அதுல வைக்கணும்.”

“கண்காட்சின்னா நாலு பேரு வந்து பார்ப்பாகல்ல?”

“நிறைய பேர் வருவாங்க. சின்னமனூர்னு ஊர்ப் பேரும் போடுவேன்.”

அவர் தூணை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். காலையில் வெயில் இதன் மேல் விழுமா என்று கேட்டேன். ஏழு மணிக்குப் பக்கவாட்டில் விழும் என்றார். அந்த வெயில்தான் எனக்கு வேண்டும். நிழலில் எடுத்த எட்டிலும் கோடுகள் தட்டையாகக் கிடந்தன. காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு லாட்ஜுக்குப் போனேன்.

வியாழன், காலை 7.05. வெயில் அவர் சொன்னபடியே விழுந்தது. தூண் வெள்ளை வெளேரென்று நின்றது.

செல்லையா இஸ்திரி போட்ட சட்டையில், நெற்றி நிறைய விபூதியோடு சிரித்தார். கீழே வாளியில் நீலம் கலந்த சுண்ணாம்பும் அதை அடிக்கிற மட்டையும் இருந்தன.

“நேத்து கடைய அடைச்சிட்டுச் சுரண்டுனேன், மேடம். விடிய வந்து ரெண்டு பூச்சு அடிச்சிட்டேன். ஊருப் பேரப் போடுவேன்னு சொன்னீகல்ல? சின்னமனூர்க்காரக அழுக்குப் பயகன்னு மதுரையில யாரும் பேசிறக் கூடாது.”

கோபம் வந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது. இருபத்தேழு வருடக் கோடுகள், ஒரே ராத்திரியில், அதே சுண்ணாம்புக்கு அடியில் போய்விட்டன. என் வாய் சும்மா இருந்திருந்தால் தூணும் சும்மா இருந்திருக்கும். அந்த அழுக்கைத்தான் எடுக்க வந்தேன் என்று இஸ்திரி போட்ட சட்டையைப் பார்த்து எப்படிச் சொல்வது?

“நீங்களும் பக்கத்துல நில்லுங்கண்ணே” என்றேன்.

“நானுமா?” என்று கேட்டபோது ஏற்கெனவே நின்றிருந்தார்.

ஒரே ஒரு படம். கையைக் கட்டிக்கொண்டு ஒருவர், பக்கத்தில் வெறும் வெள்ளைத் தூண். தலைப்புக்குப் பொருந்தாது என்று குழு திருப்பி அனுப்பலாம். அனுப்பினால் அனுப்பட்டும், ஊர்ப் பெயரோடு வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று.

7.30க்குத் தேனி பஸ் உறுமியது. செல்லையா இரண்டு வெற்றிலையும் பாக்கும் எடுத்துக் கையில் திணித்தார். பத்து ரூபாயை நீட்டினேன், வாங்கவில்லை. விரலால் சுண்ணாம்பைத் தொட்டுத் தடவி மடித்து வாயில் போட்டேன். மிச்சச் சுண்ணாம்பு ஒட்டியிருந்த விரல் தானாகத் தூணின் பக்கம் போனது.

“அங்கன துடைச்சிறாதீக, தாயி!”

விரலைத் தூக்கிப் பிடித்தபடியே ஓடி ஏறினேன். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. மதுரையில் எங்கள் தெருவிலும் சுவரைக் கண்டால் துடைக்கிறவர்கள் உண்டு. அவர்களை நான் திட்டியிருக்கிறேன். சீலையம்பட்டி தாண்டியும் விரலில் சுண்ணாம்பு அப்படியே இருந்தது. கைக்குட்டை எடுக்கப் பைக்குள் கைவிட முடியாது, சேலை புதுசு.

அப்போதுதான் முன் இருக்கையின் பச்சைத் தகட்டைப் பார்த்தேன். கம்பிக்குக் கீழே வெள்ளைக் கோடுகள். சில நீளம், சில குட்டை, அடியில் பழுப்பு. காலை வெயில் பக்கவாட்டில் விழுந்து ஒவ்வொரு கோட்டையும் தனியாகத் தூக்கிக் காட்டியது.

கேமரா மடியில்தான் இருந்தது. சுண்ணாம்பு விரலோடு அதைத் தொட முடியாது. கோடுகளுக்கு நடுவே காலி இடம் ஒன்று பார்த்து, நானும் ஒரு கோடு இழுத்தேன்.