புஷ்பராணி அக்காவின் வலது கால்

எங்கள் நாமக்கல்லில் என்னைக் 'காலில் கஞ்சியைக் கொட்டிக்கொண்டவன்' என்பார்கள். ஓரிடத்தில் நிற்கமாட்டேன், உட்கார வைத்தாலும் கால் ஆடும். லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட லாரிகளின் முதுகில் படித்தது அதிகம். எந்த ஊரில் யார் நல்ல வார்த்தை சொன்னாலும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வேன். அந்தக் குறிப்பேட்டோடும் அந்தக் காலோடும் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்காலுக்குப் பட்டர்வொர்த்தில் படகேறினேன். அக்கரையில் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன். கட்டணம் இரண்டு வெள்ளி. இங்குள்ள தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள்.

கால் மணி நேரக் கடலில் படகின் முனைக்கும் வாலுக்கும் நான்கு தடவை நடந்தேன். கயிறு சுற்றிக்கொண்டிருந்த தமிழர் ஒருவர் என்னையே பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்: "நீங்க நடந்த நடைக்குப் பாலத்து மேலயே வந்து சேந்திருக்கலாம் அண்ணே."

முதல் வரி கிடைத்துவிட்டது. எழுதிக்கொண்டேன். என் கையில் இருந்தது ஒரே பகல்தான். மாலை 6.40க்குக் கோலாலம்பூர் விமானம்.

காலை 8.20. படகுத்துறை வாசலில் கைபேசிச் செயலியில் கார் கேட்டேன். வெள்ளை நிற மின்சாரக் கார் வந்தது. ஓட்டியவர் ஐம்பது வயதைத் தாண்டிய பெண். நெற்றியில் திருநீறு, கையில் வெயிலுக்கு உறை. பெயர் புஷ்பராணி. முன்சீட்டில் ஏறி, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகவேண்டும் என்றேன். ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும்.

கார் கிளம்பியது என்று சொல்வது மரியாதைக்காக. பெடல் தரையில் ஒட்டும்வரை அக்கா மிதித்தார். அது தூக்கம் கலையாத எருமைபோல எழுந்தது. இருபக்கமும் மோட்டார் சைக்கிள்கள் தாண்டின, பஸ் தாண்டியது, பின்னால் ஹாரன் அடித்தார்கள். என்னையறியாமல் என் வலது கால் தரைவிரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது.

"அந்தப் பக்கம் பெடல் இல்ல தம்பி," என்றார் அக்கா.

சிரித்துவிட்டேன். "வண்டியில ஏதும் கோளாறுங்களா அக்கா?"

"கரண்டு காடி இப்படித்தான் லா. நாலு மாசமா ஓட்டுறேன். முழுசா மிதிச்சாத்தான் நகரும். 'பியார் லம்பாட், அசால் சலாமாட்'னு மலாய்க்காரங்க சொல்வாங்க. லேட்டானாலும் பரவால்ல, பத்திரமா போய்ச் சேரணும்."

அதையும் எழுதினேன்; காடி என்றால் கார் என்பதையும். ஆனால் அக்காவின் முகம் அந்தப் பழமொழியைப்போல நிம்மதியாக இல்லை. அடுத்த சிவப்பு விளக்கில் தன் கைபேசியைத் திருப்பிக் காட்டினார். 4.51 என்றிருந்தது. பயணிகள் போடும் நட்சத்திரங்களின் சராசரி.

"நாலரைக்குக் கீழ போனா ஆப்புல என் ஐடிய நிறுத்திடுவாங்க. மூணு மாசத்துக்கு முந்தி நாலு புள்ளி எட்டு தம்பி! எல்லாரும் ஒரே கமெண்ட்டு: ஸ்லோ, ஸ்லோ. நேத்து ஒரு பொண்ணு, 'மாக்சிக் ஓட்றத பாத்தா பிளைட்டே போயிடும்'னு போட்டுருச்சி." மாக்சிக் என்றால் மலாயில் அத்தை முறை. "இருபத்தாறு வருஷம் பாயான் லெப்பாஸ் எலெக்ட்ரானிக் கம்பெனியில சர்க்யூட் போர்டு செக் பண்ணேன். ஆள் குறைச்சப்ப குடுத்த காசெல்லாம் இந்தக் காடியிலதான் இருக்கு. இதுவும் போச்சுன்னா?"

இன்று ஒரு கெட்ட நட்சத்திரம் விழுந்தால் நாளைக்கு வேலை இல்லை. அதனால்தான், நாள் முழுக்க உங்கள் வண்டியே போதும் என்று நான் சொன்னபோதும், ஒவ்வொரு பயணத்தையும் செயலியிலேயே தனித்தனியாகப் பதியச் சொன்னார். "ஸ்டார் வேணும்லா தம்பி."

காலை 9.00. தண்ணீர்மலை. ஐந்நூற்றுச் சொச்சம் படிகள். ஓட்டமாக ஏறி, முருகனை நின்று பாராமல் பார்த்து, ஓட்டமாக இறங்கினேன். மேலே நின்றபோதும் மனம் கீழே நின்ற காரில்தான் இருந்தது. லாரி ஊர்க்காரனுக்குத் தெரியாதா? இழுக்காத வண்டிக்கு ஏதோ காரணம் இருக்கும்.

அக்கா மரநிழலில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். காரின் திரையில் ஒரு பச்சை இலை எரிவதைக் காட்டி, "இது என்னங்க அக்கா?" என்றேன்.

"கரண்டு காடின்னு காட்டுற அடையாளம்."

"கரண்டு வண்டின்னு உங்களுக்கே எதுக்குக் காட்டணும்?"

அவர் துணியை வைத்துவிட்டு உள்ளே ஏறினார். நான் அமைப்புகளைத் திறந்தேன். எல்லாம் மலாய் மொழி. அக்கா தயங்கித் தயங்கிப் படித்தார். ஓட்டும் முறை மூன்று: சிக்கனம், சாதாரணம், ஸ்போர்ட். இலை எரிந்தது சிக்கனத்துக்கு. பேட்டரி தூரம் தாங்கட்டும் என்று காரைக் கொடுத்தவர்கள் வைத்து அனுப்பியதாக இருக்கும். நான்கு மாதமாக அக்கா பாதிப் பலத்தை முழுக்காலால் மிதித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அலமாக்!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இத்தனை நாள் இதைத் தொட்டே பாக்கலையா அக்கா?"

"ஆப்பரேட்டர் செட்டிங்ல கை வைக்கக் கூடாது தம்பி. கம்பெனியில அதான் மொதல் சட்டம். ஒரு ஸ்க்ரூவத் தொட்டாலும் வார்னிங் லெட்டர். செட்டிங் டெக்னீஷியனோட வேலை." திரையைவிட்டுத் தன் கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

ஸ்போர்ட் மட்டும் மங்கிக் கிடந்தது. திரையின் இன்னொரு பக்கத்தில் அதைத் திறக்கத் தனிப் பொத்தான். பிரேக்கை மிதித்தபடி திறக்கவேண்டும். திறந்தால் மூன்று வரி எச்சரிக்கை. அக்கா வாசித்துச் சொன்னார்: "காடி திடீர்னு பாயும். பேட்டரி சீக்கிரம் எறங்கும். ஓட்டுறவங்க மொதல்ல பழகிக்கணும்."

மூன்றாவது வரியை நான் காதிலேயே வாங்கவில்லை.

"சாதாரணம் போதும் லா," என்றார்.

"அரைக் கிணறு தாண்டுவானேன் அக்கா?" பழமொழி எப்போதும் என் பக்கம்தான் பேசும். சம்மதம் என்பதை நான்தான் தொட்டேன். திரையின் ஓரம் சிவந்தது.

கோயில் வாசலிலிருந்து பெரிய சாலைக்குத் திரும்பும் இடம். நான்கு மாதப் பழக்கத்தில் அக்காவின் வலது கால் பெடலைத் தரைவரை மிதித்தது. கார் பாய்ந்தது. என் தலை சீட்டில் மோதியது. எதிரே மோட்டார் சைக்கிளில் ரொட்டிப் பைகள் தொங்க வந்த சீனப் பெரியவர் ஹேண்டிலை வெட்டினார். அக்கா பிரேக்கை மிதித்தார். இடைவெளி ஒரு முழம்கூட இல்லை. ஒரு பை மட்டும் அறுந்து, ரொட்டிகள் சாலையில் உருண்டன.

அவர் ஹொக்கியன் மொழியில் திட்டினார். ஒரு சொல்லும் தெரியாது; எல்லாம் புரிந்தது. நான் இறங்கி ரொட்டிகளைப் பொறுக்கி, பன்னிரண்டு வெள்ளி கொடுத்தேன். அவர் பத்தை எடுத்துக்கொண்டு இரண்டைத் திருப்பித் தந்துவிட்டுப் போனார்.

அக்கா காரை ஓரங்கட்டினார். "காடிக்கு சாஃப்ட்வேர் மாத்திட்டீங்க. என் காலுக்கு யாரு மாத்துறது?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க அவசரத்த என் கால்ல கட்டாதீங்க தம்பி."

இரண்டும் நல்ல வரிகள். எழுதக் கை வரவில்லை.

காலை 10.30. பச்சை இலையை மறுபடி எரியவிட்டுப் புறப்பட்டோம். தீவின் பின்புறம் பாலிக் புலாவ். மலையேறி இறங்கினால் இருபது கிலோமீட்டருக்குள்தான். ஆனால் வளைவுக்கு வளைவு ஏற்றம். பின்னால் பத்துப் பதினைந்து வண்டிகள் வால்போல நீண்டன, ஹாரன் ஓயவில்லை. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். என் கால் தரைவிரிப்பைத் தேடியது. இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

பகல் 12.15. பாலிக் புலாவ் சந்தையோரம் லக்சா ஏழு வெள்ளி, ஜாதிக்காய்த் தண்ணீர் மூன்று. புளிப்பு ஏறிய மீன்குழம்பில் தடித்த அரிசி இழை. அக்கா கிண்ணத்தைக் கிண்டிக்கொண்டே இருந்தார்; பிறகு கரண்டியை வைத்தார்.

"கம்பெனியில புது மெஷின் வந்தா மொதல் நாள் என்ன செய்வோம் தெரியுமா? நல்ல போர்டப் போடமாட்டோம். டம்மி போர்டு. நூறு தடவ ஓட்டி, கை பழகுனப்புறம்தான் நல்ல போர்டு."

"அதனால?"

"ஜோம்," என்று எழுந்தார். கிளம்பு என்று அர்த்தம். என் கிண்ணத்தில் பாதி மிச்சம். முதல்முறையாக என்னைவிட அவசரமான ஒருவரைப் பார்த்தேன்.

பகல் 1.10. சுங்கை பூரோங் வயல்வெளி. இருபுறமும் நெல், நடுவில் நேரான ஒற்றைத் தார்ச்சாலை, ஆள் நடமாட்டம் இல்லை. அக்கா என்னை இறக்கிவிட்டார்.

"நீங்க உள்ள இருந்தா உங்க கால் என் காலக் கெடுக்குது. அந்தக் கம்பத்துக்கிட்ட நில்லுங்க. ஆள், மாடு ஏதாச்சும் வந்தா கையத் தூக்குங்க. நகரக் கூடாது."

இறங்கிய இடத்திலிருந்தே கார்க் கண்ணாடி வழியே பார்த்தேன். அவர் திரையை நோக்கி விரலை நீட்டினார்; பாதி வழியில் நிறுத்தினார்; சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு தொட்டார். இலை அணைந்தது.

முதலில் சாதாரணம். கார் குதித்து நின்றது, குதித்து நின்றது. கொக்குகள் எழுந்து பறந்தன. ஏழாவது தடவை குதிக்காமல் நகர்ந்தது. பிறகு என்னருகே வந்து நின்றபோது திரையின் ஓரம் சிவந்தது. மறுபடி குதிப்பு, மறுபடி கொக்கு. நாற்பது நிமிடம். உச்சி வெயிலில் ஒரு மின்கம்பத்தடியில் நான் அசையாமல் நின்றேன். நாமக்கல்லில் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். கடைசித் தடவை கார் சத்தமில்லாமல் பாய்ந்து போய், வயல் முனையில் திரும்பி, என் காலடியில் பூனைபோல நின்றது.

"டம்மி முடிஞ்சுது," என்றார் அக்கா. அவர் முதுகு முழுக்க வியர்வை.

மாலை 4.15. கடற்கரையில் கொஞ்சம் சுற்றிவிட்டு, அதே மலைவழியில் விமான நிலையத்துக்குக் கிளம்பினோம். ஏற்றத்தின் நடுவில் சாலை வேலை. ஒருவழி மட்டும் விட்டிருந்தார்கள். சரிவில் எங்கள் கார்தான் முதலில் நின்றது. பின்னால் நீண்ட வரிசை. அக்கா நிதானமாக ஸ்போர்ட்டைத் தொட்டார். சாலை வேலைக்காரர் பலகையைப் பச்சைக்குத் திருப்பினார்.

பெருவிரலால் எறும்பை விலக்குவதுபோல அத்தனை மெல்ல மிதித்தார். கார் பின்வாங்கவும் இல்லை, பாயவும் இல்லை, ஏறியது. ஒரு வளைவு, இரண்டு வளைவு, உச்சி. பின்னால் ஒரு ஹாரன் இல்லை. கொஞ்ச தூரம் போன பிறகுதான் என் வலது கால் சும்மா கிடப்பதைக் கவனித்தேன்.

மாலை 5.05. விமான நிலையம். காலை முதல் எல்லாப் பயணத்துக்கும் ஐந்து நட்சத்திரம் போட்டு, என் வாட்ஸ்அப் எண்ணையும் கொடுத்தேன். அதற்குள் அக்காவின் கைபேசியில் அடுத்த பயணி அழைத்தாயிற்று. அவர் தானே திரையைத் தொட்டுச் சாதாரணத்துக்கு மாற்றினார். "பயணி ஏறுனா இதான். சிவப்பு மலைக்கு மட்டும்."

"எங்களுக்கும் டிரைவருங்க ஸ்டார் போடுவாங்களாமே. எனக்கு எத்தனை போட்டீங்க அக்கா?"

"நாலு," என்றார் யோசிக்காமல். "ஒண்ணு மலையடியில ரொட்டியோட விழுந்துடுச்சி."

அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு இறங்கினேன்.

திருச்சியில் இறங்கி வாடகைக் காரில் நாமக்கல் புறப்பட்டேன். டிரைவர் தம்பி நூறில் பறந்தான். முன்னால் போன லாரியை முட்டுகிற தூரத்துக்குப் போய்ப் போய் ஒதுங்கினான். முன்பானால் 'அழுத்துப்பா' என்றிருப்பேன். "பியார் லம்பாட்," என்றேன். "என்னங்கண்ணா?" என்றான். சொல்லி விளங்கவைப்பதற்குள் வீடு வந்துவிட்டது.

பதினோரு நாள் கழித்து, கடையில் இருந்தபோது புஷ்பராணி அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. 4.58. கீழே ஒரே வரி: "நீங்க இன்னும் நாலுதான் தம்பி."